எஸ்.எஸ். தகட்டில் பெரிய ஓட்டை விழவில்லையா? அறிகுறியைப் பார்த்துக் கருவியை முடிவு செய்யுங்கள்

எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தகட்டில் ஹோல் சா (விளிம்பில் பல் உள்ள, கிண்ணம் போன்ற வட்ட ரம்பம்) ஏறவில்லை என்று யாராவது வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, ட்ரில் எந்த வேகத்தில் ஓடியது என்பதுதான். பெரும்பாலும் கிடைக்கும் பதில் "ஃபுல் ஸ்பீடு". அதைச் சரிசெய்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும், புதுக் கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. ஆனால் கையில் இருக்கும் கருவியே தவறாக இருக்கிற இடங்களும் உண்டு. அங்கே என்ன பக்குவமாக ஓட்டினாலும் தகடுதான் பாழாகும். எந்த அறிகுறி எந்த வகை என்பதைக் கீழே பிரித்திருக்கிறேன். காரணங்களைச் செலவில்லாததில் தொடங்கி, செலவு கூடும் வரிசையில் வைத்திருக்கிறேன்.

பெரிய ஓட்டை என்று இங்கே சொல்வது 20 மி.மீ.க்கு மேற்பட்டதை. அதற்குக் கீழே நல்ல கோபால்ட் பிட்டும் (கோபால்ட் கலந்த எஃகு பிட்) ஸ்டெப் ட்ரில்லும் (படிப்படியாகப் பெரிதாகும் கூம்பு வடிவப் பிட்) போதும்.

## தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டிய விவரங்கள்

தகட்டின் கனம், ஓட்டையின் விட்டம், பின்பக்கம் கை போகுமா, மொத்தம் எத்தனை ஓட்டை. இந்த நான்கும் தெரியாமல் கருவி வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். கனத்தை வெர்னியரால் அளந்துவிடுங்கள். சமையலறை சிங்க் பெரும்பாலும் 0.8 முதல் 1.2 மி.மீ. வரை இருக்கும். தொட்டி, மேடை, பேனல் எல்லாம் அதைவிடக் கனமாக இருக்கலாம்.

அப்புறம் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் 304, 316, 201 போன்ற எண் கொண்ட எஸ்.எஸ். வகை. இவைதான் தேய்க்கத் தேய்க்க இறுகிப்போகும் ரகம், அதிலும் 201 இன்னும் சீக்கிரம் இறுகும். நன்றாக ஒட்டினால் 430 போன்ற வகை, அது கொஞ்சம் சாது. மடித்த மூலையில் மட்டும் லேசாக ஒட்டுகிறது என்றால் அதை வைத்து முடிவு செய்ய வேண்டாம். வளைத்த இடத்தில் 304-உம் கொஞ்சம் ஒட்டும். தட்டையான இடத்தில் வைத்துப் பாருங்கள்.

## அறிகுறி 1: பல் ஏறவில்லை, கீச்சென்று கத்துகிறது, பளபளப்பான வளையம் மட்டும் விழுகிறது

அதிகம் பார்ப்பது இதைத்தான். உடனே ட்ரில்லை நிறுத்துங்கள். இன்னும் பத்து வினாடி ஓட்டினால் அந்த வளையம் மேலும் இறுகும்.

ட்ரில் எந்தப் பக்கம் சுற்றுகிறது? சிரிக்காதீர்கள். கார்ட்லெஸ் ட்ரில்லில் ரிவர்ஸ் பொத்தான் விரல் பட்டு மாறியிருப்பது சகஜம்.

வேகம். பைமெட்டல் ஹோல் சாவுக்கு (வளையும் எஃகு உடலில் கடின எஃகுப் பல் சேர்த்தது) எஸ்.எஸ்.ஸில் உத்தேசமாக இந்த வேகம் வேண்டும்:

- 22 மி.மீ. – நிமிடத்துக்கு 190 சுற்று
- 35 மி.மீ. – 125 சுற்று
- 51 மி.மீ. – 85 சுற்று
- 76 மி.மீ. – 55 சுற்று

சாதாரண இரும்புக்கு ஓட்டும் வேகத்தில் இது பாதிதான். வேகம் ஒன்றே ஒன்று உள்ள ஒயர் ட்ரில் 2800 சுற்றில் ஓடும். அதில் 35 மி.மீ. சாவை மாட்டினால் பல்லின் நுனி தகட்டின் மேல் நிமிடத்துக்கு 300 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. அந்தப் பல் தாங்குவது 14 மீட்டர் அளவுக்குத்தான். ஏன் பல் மொட்டையாகிறது என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆர்.பி.எம். மீட்டர் தேவையில்லை. சக்கில் ஒரு வெள்ளை டேப் ஒட்டி, ட்ரிகரை அழுத்திக்கொண்டு பத்து வினாடி எண்ணுங்கள். 35 மி.மீ.க்கு 20 சுற்று, 76 மி.மீ.க்கு 9 சுற்று. முதல் தடவை எண்ணும்போது இவ்வளவு மெதுவாகவா என்றுதான் தோன்றும். கார்ட்லெஸ் என்றால் கியரை 1-இல் போடுங்கள். 2-ஆவது கியரில் ட்ரிகரை மட்டும் லேசாகப் பிடித்து வேகத்தைக் குறைத்தால் முறுக்கு விசை கிடைக்காது, மோட்டாரும் சூடாகும்.

அழுத்தம். வேகத்தைக் குறைத்தவர்கள் அழுத்தத்தையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறார்கள். அது தவறு. பல் தகட்டுக்குள் இறங்கிச் சீவ வேண்டும், மேலே வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. உடல் எடையைக் கொஞ்சம் சாய்த்து, விடாமல் அழுத்துங்கள். விட்டுவிட்டுக் கொத்துவதுபோல அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் பல் தேய்த்துவிட்டுத்தான் ஏறும்.

சரியாக இருக்கிறதா என்பதைச் சீவலைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். சுருளாக, வெள்ளி நிறத்தில் அல்லது லேசான வைக்கோல் நிறத்தில் வந்தால் நல்லது. பொடியாக வந்தால் அழுத்தம் போதவில்லை, இல்லை பல் மழுங்கிவிட்டது. நீலமாக வந்தால் வேகம் அதிகம்.

எண்ணெய். எஸ்.எஸ். சூட்டைக் கடத்துவது சாதாரண இரும்பைப் போல மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சூடு தகட்டுக்குள் பரவாமல் பல்லிலேயே தங்கிவிடுகிறது. கட்டிங் ஆயில் அல்லது கட்டிங் பேஸ்ட் போடுங்கள். துரு இளக்கும் ஸ்பிரே இதற்கு ஆகாது, அடித்த வேகத்தில் ஆவியாகிப் போய்விடும். நிற்கும் பரப்பில் எண்ணெய் வழிந்துவிடும் என்பதால் அங்கே பேஸ்ட்தான் வசதி. சாவின் பற்களிலும் கொஞ்சம் தடவிக்கொள்ளுங்கள்.

பல் மழுங்கியதா? நகத்தின் மேல் பல்லை மெல்ல வைத்து இழுங்கள். கூராக இருந்தால் நகத்தைப் பிடிக்கும். வழுக்கிக்கொண்டு போனாலோ, பல் நுனியில் வெளிச்சம் பட்டு வெள்ளைக் கோடு தெரிந்தாலோ அந்தச் சா முடிந்தது. எஸ்.எஸ்.ஸில் மழுங்கிய பைமெட்டலைத் தீட்டிப் பயன்படுத்தும் வேலை வீண்.

வளையம் ஏற்கெனவே இறுகிவிட்டதா? புதுச் சா, சரியான வேகம், நல்ல எண்ணெய் எல்லாம் இருந்தும் ஏறவில்லை என்றால் இதுதான் காரணம். பின்பக்கம் போக முடிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள், மையத் துளை ஏற்கெனவே இருக்கிறது. போக முடியாவிட்டால், வெட்டும் கோட்டை ஒட்டி, கழிவாக விழப்போகும் பகுதியில் 5 அல்லது 6 மி.மீ. கோபால்ட் பிட்டால் ஒரு துளை போடுங்கள். சீவல் வெளியேற அது வழி கொடுக்கும், பல்லுக்கும் இறங்க ஓர் இடம் கிடைக்கும். அதற்கும் மசியாவிட்டால் கார்பைடு (எஃகைவிடக் கடினமான டங்ஸ்டன் பொருள்) பல் வைத்த சாவுக்குப் போக வேண்டியதுதான். இறுகிய பரப்பை அது வெட்டும்.

எப்போது பைமெட்டலை விட்டுக் கார்பைடு? என் கணக்கு இதுதான். 1.2 மி.மீ. வரை, ஒன்றிரண்டு ஓட்டை என்றால் நல்ல பைமெட்டலே போதும். 2 மி.மீ.க்கு மேல் போனாலோ, வரிசையாக ஓட்டைகள் போட வேண்டியிருந்தாலோ கார்பைடு வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மூன்று நான்கு பைமெட்டலைத் தின்றுவிட்டு அதற்குப் பிறகு கார்பைடு வாங்குவதைவிட மேல். கார்பைடுக்குக் கொஞ்சம் கூடுதல் வேகம் தரலாம். எவ்வளவு என்பது அதன் பெட்டியிலேயே போட்டிருக்கும். வாங்கும்போது வெட்டும் ஆழத்தையும் பாருங்கள். தகட்டுக்கென்று வரும் குட்டையான கார்பைடு சாக்கள் சில மில்லிமீட்டருக்கு மேல் இறங்காது.

## அறிகுறி 2: சா நன்றாக இருக்கிறது, நடுவில் உள்ள பைலட் பிட்தான் நின்றுபோகிறது

சாவோடு வரும் பைலட் பிட் பெரும்பாலும் சாதாரண எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்). ஓரிரு ஓட்டையிலேயே முனை போய்விடும். ஆர்பரில் (சாவை ட்ரில்லோடு இணைக்கும் தண்டு) உள்ள சிறிய ஸ்குருவைத் தளர்த்தி அதே விட்டத்தில் கோபால்ட் பிட் மாட்டுங்கள். முனைக் கோணம் 135 பாகை உள்ளதாக, நுனி பிளந்து தீட்டியதாக இருக்கட்டும். அது தகட்டின் மேல் அலையாது.

இதில் இன்னொரு சிக்கல் உண்டு. 6 மி.மீ. பிட்டுக்கு 500 சுற்று வாக்கில் வேண்டும், 35 மி.மீ. சாவுக்கு 125. இரண்டும் ஒரே ஆர்பரில் இருப்பதால், பைலட்டுக்காக வேகத்தைக் கூட்டியவர் சா தொடும்போது குறைக்க மறந்துவிடுகிறார். மையத் துளையைத் தனியாக முதலில் போட்டுவிடுங்கள். அப்புறம் பைலட் பிட்டைக் கழற்றி, அதே விட்டத்தில் வழவழப்பான ஒரு கம்பித் துண்டை ஆர்பரில் மாட்டிக்கொண்டு சாவை இறக்குங்கள். கம்பிக்கு வெட்டும் முனை இல்லாததால் மையத் துளை அகலமாகாது, சாவும் ஆடாது.

சென்டர் பஞ்சைப் (மையத்தைக் குறிக்கும் கூர்முனைக் கம்பி) பலமாக அடிக்க வேண்டாம். அடி விழுந்த இடம் இறுகிப்போய், பிட் நுனி அங்கேயே மல்லுக்கட்டும். கூரான பஞ்சால் ஒரே ஒரு சின்னத் தட்டு போதும்.

## அறிகுறி 3: பற்கள் உடைகின்றன

பைமெட்டலா, கார்பைடா என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கும் காரணம் வேறு.

பைமெட்டலில் வரிசையாகச் சில பற்கள் பிடுங்கிக்கொண்டு போயிருந்தால் தகடு ஆடியிருக்கிறது, அல்லது சா கோணலாக இறங்கி ஒரு பக்கம் மட்டும் கடித்திருக்கிறது. தகட்டை இரண்டு இடத்தில் க்ளாம்ப் போட்டு, அடியில் ஒரு மரப் பலகையையும் சேர்த்துப் பிடியுங்கள். பல் பெரிதாக இருந்தாலும் மெல்லிய தகட்டில் இப்படி ஆகும். ஒரே பல் முழுக் கனத்தையும் கவ்விக்கொள்ளும். 1 மி.மீ. தகட்டுக்கு நெருக்கமான பல் உள்ள சா வேண்டும்.

கார்பைடு முனை சில்லுச் சில்லாகப் போயிருந்தால் முதலில் ட்ரில்லின் மோடைப் பாருங்கள். ஹேமர் மோடிலோ இம்பாக்ட் டிரைவரிலோ ஓட்டியிருந்தால் வேறு காரணம் தேட வேண்டாம். கார்பைடு கடினமானது, ஆனால் அடி தாங்காது. அதற்கடுத்து, சுற்றிக்கொண்டிருக்கும் சாவைத் தகட்டின் மேல் பொத்தென்று வைத்தீர்களா? பல் தகட்டை மெல்லத் தொட்டு வளையம் விழுந்த பிறகே அழுத்த வேண்டும். கார்பைடுக்குக் கையைவிட ட்ரில் ஸ்டாண்ட் நல்லது. கைதான் என்றால், கை நடுக்கத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும் பைமெட்டலே சில நேரம் சரியான தேர்வு.

ஒரே ஒரு முனை போயிருந்தால்கூட அந்தக் கார்பைடு சாவை எஸ்.எஸ்.ஸில் ஓட்டாதீர்கள். அடுத்த பல்லின் மேல் இரட்டைச் சுமை விழும்.

## அறிகுறி 4: முடியும் நேரத்தில் ட்ரில் கையை முறுக்குகிறது

மிகவும் ஆபத்தான அறிகுறி இதுதான். தகட்டின் ஒரு பக்கம் துளைத்துவிட்டு மறுபக்கம் பாக்கி இருக்கும்போது பல் கவ்விக்கொள்ளும். பெரிய சா என்றால் மணிக்கட்டையே திருகிவிடும்.

பக்கக் கைப்பிடியை மாட்டுங்கள். கிளட்ச் உள்ள ட்ரில் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். சத்தம் மாறும்போது, அதாவது வெட்டும் கரகரப்பு மெலிந்து டங்கென்று ஒலிக்கத் தொடங்கும்போது, அழுத்தத்தைப் பாதியாகக் குறையுங்கள். ட்ரிகரை லாக் செய்து ஓட்டவே கூடாது. தொளதொளப்பான கையுறையும் கூடாது, சுருள் சீவல் அதைப் பிடித்து இழுத்துவிடும். கண்ணாடி கட்டாயம். சீவலைக் கையால் தட்டாமல் பிரஷ்ஷால் தள்ளுங்கள்.

51 மி.மீ.க்கு மேற்பட்ட ஓட்டையை, ஏணியில் நின்றுகொண்டு கை ட்ரில்லால் போடும் வேலை வந்தால் நான் மறுத்துவிடுவேன். அதற்கு ஹைட்ராலிக் பஞ்ச் இருக்கிறது (அறிகுறி 7-இல் வரும் பஞ்ச்-டையை எண்ணெய் அழுத்தத்தால் இழுக்கும் வகை).

## அறிகுறி 5: ஓட்டை பெரிதாகிவிட்டது, முட்டை வடிவில் வந்திருக்கிறது

சாவைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் ஆர்பரில் மரை தளர்ந்திருக்கிறது, அல்லது பெரிய ஆர்பரில் உள்ள இரண்டு பின்களும் சாவின் துளைக்குள் இறங்கவில்லை. ஆடாவிட்டால் பைலட் துளை அகன்றிருக்கும். அதுவும் இல்லையென்றால் ட்ரில்லின் சக்கே தேய்ந்திருக்கலாம். ஒரு நேரான கம்பியை மாட்டி மெல்லச் சுற்றினால் நுனி வட்டமடிப்பது கண்ணுக்கே தெரியும்.

கேபிள் கிளாண்ட், குழாய்ப் பொருத்துமானம் போல அளவு கறாராக இருக்க வேண்டிய இடத்தில் ஹோல் சாவோடு போராட வேண்டாம். பஞ்ச் அல்லது ஸ்டெப் ட்ரில்தான் சுத்தமான வட்டம் தரும். ஸ்டெப் ட்ரில் எஸ்.எஸ்.ஸில் 1.5 மி.மீ. வரை நிம்மதியாகப் போகும், 2 மி.மீ. என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டலாம். அதற்கும் மெதுவான வேகமும் எண்ணெயும்தான். ஒரு படியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தால் அடுத்த படி ஏறாது.

## அறிகுறி 6: வெட்டிய வில்லை சாவுக்குள் சிக்கிக்கொண்டது

பேட்டரியைக் கழற்றுங்கள், ஒயர் ட்ரில் என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். பக்கத்துப் பிளவு வழியாக ஸ்குருடிரைவரை விட்டு மாற்றி மாற்றி நெம்புங்கள். சூடு ஆறட்டும், ஆறினால் தானே தளரும். சுத்தியலால் சாவைத் தட்டினால் வட்டம் போய்விடும்.

## அறிகுறி 7: பஞ்ச்-டை இழுக்கவில்லை, அல்லது தகட்டைக் கிழித்துவிட்டது

தகட்டின் ஒரு பக்கம் பஞ்ச், மறுபக்கம் டை வைத்து, நடுவில் போல்ட்டால் இழுத்து ஓட்டை வெட்டும் கருவி இது. மின்பேனலில் ஓட்டை போட இதைவிட நல்ல கருவி கிடையாது. சீவல் பறக்காது, பிசிறு குறைவு, சூடே இல்லை. ஆனால் சாதாரண இரும்புக்கென்று செய்த பஞ்சை எஸ்.எஸ்.ஸில் இழுத்துவிட்டு, பாதியில் நிற்கிறது என்கிறார்கள்.

பஞ்சின் மேலேயோ பெட்டியிலேயோ இரண்டு கனங்கள் போட்டிருக்கும். எஸ்.எஸ்.ஸுக்கான கனம் எப்போதும் குறைவாக இருக்கும். எஸ்.எஸ். பற்றி எதுவுமே போடவில்லை என்றால் அது எஸ்.எஸ்.ஸுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கனம் சரி என்றால் இழுக்கும் போல்ட்டின் மரையில் கிரீஸ் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பானரால் திருகும் வகை என்றால் 30 மி.மீ.க்கு மேல் கை வலிதான் மிஞ்சும், ஹைட்ராலிக் எடுங்கள். விளிம்பு கிழிந்து வந்திருந்தால் பஞ்சின் வெட்டுமுனை மழுங்கியிருக்கிறது, அல்லது வேறொரு செட்டின் டையை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

இழுக்கும் போல்ட் நீண்டு மரை நெளிந்திருந்தால் உடனே தூக்கிப் போடுங்கள். அழுத்தத்தில் அறுந்தால் எதிரே நிற்பவர் மேல் பாயும்.

இந்தக் கருவிக்கு இரண்டு நிபந்தனை: பின்பக்கம் கை போக வேண்டும், போல்ட் நுழைய முன்கூட்டியே ஒரு துளை வேண்டும். பேனலில் மின்சாரம் இருந்தால் அதைத் துண்டித்துப் பூட்டிய பிறகே கை வையுங்கள். துண்டிக்க முடியாத பேனல் என்றால் அது எலக்ட்ரீஷியன் வேலை.

## அறிகுறி 8: காந்த ட்ரில் ஒட்டவே இல்லை

5 மி.மீ.க்கு மேற்பட்ட தகட்டுக்கு அன்யுலர் கட்டர்தான் (நடுவை விட்டுச் சுற்று விளிம்பை மட்டும் வெட்டும் குழல் வடிவக் கட்டர்) கருவி. ஆனால் அதை மாட்டும் காந்த ட்ரில் 304-இன் மேல் நிற்காது. ட்ரில் பழுதில்லை, திருப்பி அனுப்பாதீர்கள். கனமான இரும்புத் தகடு ஒன்றை எஸ்.எஸ். மேல் க்ளாம்ப் போட்டு இறுக்கி, காந்தத்தை அந்த இரும்பில் நிறுத்துங்கள். பாதுகாப்புச் சங்கிலியையும் மறக்காமல் மாட்டுங்கள். வெற்றிடத்தால் ஒட்டும் அடித்தட்டுகளும் உண்டு, வாடகைக்குக் கிடைத்தால் பாருங்கள்.

கட்டர் இறங்கத் தொடங்கியபின் நடுவில் நிறுத்தாதீர்கள். எண்ணெய் உள்ளே நடுப் பின் வழியாகப் போக வேண்டும், மேலே ஊற்றினால் போதாது. அடுக்கி வைத்த இரண்டு தகடுகளை ஒரே மூச்சில் வெட்ட முயன்றால் முதல் வில்லை உள்ளேயே சுற்றிக்கொண்டு கட்டரை உடைக்கும்.

## அறிகுறி 9: ஓட்டை சரி, ஆனால் ஓரம் நீலமாகிவிட்டது, சில நாளில் துருவும் வருகிறது

நீலம் என்றால் சூடு. அந்த இடத்தில் துருவைத் தடுக்கும் குரோமியத் தோல் கெட்டுவிட்டது. லேசான நிறம் என்றால் எஸ்.எஸ்.ஸுக்கென்றே வைத்திருக்கும் புது நைலான் பேடால் தேய்த்து, சிட்ரிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவினால் போதும். பிக்ளிங் பேஸ்ட் வேகமாக வேலை செய்யும், ஆனால் அதில் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் இருக்கும். அந்த அமிலம் தோலுக்குள் ஊடுருவி ஆழமாகப் புண்ணாக்கும். பழகாதவர்கள் தொட வேண்டாம், பட்டறைக்குக் கொடுத்துவிடுங்கள்.

நீலம் இல்லாமல் செம்புள்ளிகள் மட்டும் வந்தால் வேறு கதை. சாதாரண இரும்பைத் தேய்த்த அதே அரம், அதே கிரைண்டர் டிஸ்க், அதே ஒயர் பிரஷ்ஷை எஸ்.எஸ். மேலும் பயன்படுத்தியிருக்கிறீர்கள். துருப்பிடிப்பது ஒட்டிக்கொண்ட இரும்புத் துகள். அதை எடுத்துவிட்டால் நின்றுவிடும். எஸ்.எஸ்.ஸுக்குத் தனி அரமும் தனி டிஸ்க்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 10: இருக்கும் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும், பைலட் பிடிக்க இடமில்லை

32 மி.மீ. ஓட்டை 35 ஆக வேண்டும் என்ற கேள்வி அடிக்கடி வரும். அரத்தால் தேய்த்து முடிக்கலாம் என்று நினைப்பவர்கள் முட்டை வடிவத்தோடு திரும்புகிறார்கள். பின்பக்கம் கை போனால் பஞ்ச்தான் முதல் தேர்வு, ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் போல்ட் நேராக நுழைந்துவிடும். ஆனால் மையத்தைக் கோடு போட்டுப் பார்த்து நிறுத்துங்கள், அது தானாக நடுவில் நிற்காது. பின்பக்கம் போகாவிட்டால், 35 மி.மீ. துளை போட்ட தடித்த பிளைவுட் துண்டை மேலே க்ளாம்ப் செய்து, அந்த மரத் துளையை வழிகாட்டியாக வைத்துப் பைலட் இல்லாத சாவை இறக்கலாம். ஒரே ஆர்பரில் சின்னச் சாவையும் பெரிய சாவையும் சேர்த்து மாட்டும் இரட்டை ஆர்பரும் கிடைக்கிறது, உள்ளே உள்ளது பழைய ஓட்டையில் வழிகாட்டியாகச் சுற்றும். மெல்லிய தகட்டில் ஸ்டெப் ட்ரில்லில் அந்த அளவுப் படி இருந்தால் அதைவிடச் சுலபம் எதுவுமில்லை.

## 100 மி.மீ.க்கு மேல்: கருவியைத் தேடுவதை நிறுத்தும் இடம்

இந்த அளவில் ஹோல் சா கிடைக்கும், ஆனால் அதை 40 சுற்றில் முறுக்கு விசையோடு ஓட்டும் ட்ரில் பெரும்பாலானவர்களிடம் இருக்காது. மெல்லிய தகடு, ஒரே ஓட்டை, ஓரம் மறைந்துவிடும் என்றால் நெருக்கமான பல் உள்ள பைமெட்டல் பிளேடு மாட்டிய ஜிக்சா போதும். வேகத்தைக் குறையுங்கள், பெண்டுலம் அசைவை (பிளேடின் முன்பின் ஆட்டத்தை) நிறுத்துங்கள், தகட்டில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஜிக்சாவின் அடித்தட்டு கீறிவிடும். 1 மி.மீ. ஐநாக்ஸ் (எஸ்.எஸ்.ஸுக்கென்று வரும்) டிஸ்க் போட்ட கிரைண்டராலும் துண்டு துண்டாக வெட்டி அரத்தால் முடிக்கலாம், ஆனால் ஓரத்தில் நீலம் உறுதி.

கேஸ் கட்டிங் வைத்து முயல வேண்டாம். குரோமிய ஆக்சைடு உருகாமல் தடுத்து நிற்பதால் ஆக்சிஜன் சுடர் எஸ்.எஸ்.ஸை வெட்டாது. பிளாஸ்மா வெட்டும், ஆனால் அதன் புகையில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கும். புகை உறிஞ்சியும் தகுந்த முகமூடியும் இல்லாமல் மூடிய அறையில் செய்யவே கூடாது.

அழுத்தம் தாங்கும் கலன், எரியக்கூடிய திரவம் இருந்த தொட்டி, மாட்டிய பிறகு மாற்ற முடியாத விலையுயர்ந்த மேடை ஆகிய மூன்றையும் அளவு என்னவானாலும் ஆளிடம் கொடுத்துவிடுங்கள். முதல் இரண்டில் உயிர் பிரச்சினை, மூன்றாவதில் காசு பிரச்சினை.

தகட்டை இன்னும் பொருத்தவில்லை என்றால் லேசர் அல்லது வாட்டர்ஜெட் பட்டறைக்குக் கொண்டுபோவது நாலைந்து கருவி வாங்குவதைவிட மலிவாகவே முடியும். போகும்போது தகட்டின் வகை, கனம், ஓட்டையின் விட்டம், ஓரத்திலிருந்து மையத்துக்கு உள்ள தூரம், எந்தப் பக்கம் வெளியே தெரியும் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். உள்ளே நுழையப்போகும் பொருளையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. அட்டவணையில் 35 என்று போட்ட குழாய்க்கு 34.5-இல் ஓட்டை வெட்டிவிட்டால், மறுபடி நீங்கள் அறிகுறி 10-க்குத்தான் வருவீர்கள்.